குணா முறுக்கவில்லை

கிள்ளானில் என் மனைவியின் பிறந்த வீட்டில் என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. "அத்தானுக்கு பைக்கைப் பத்தித் தெரியாதது ஒன்னும் இல்ல." உண்டு என்பதைப் போன மாதம் வரை இருந்தது என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த அபிப்பிராயத்தைக் கிளப்பிவிட்டது யார் என்கிறீர்கள்? வேறு யார்... நான்தான். இந்தப் பத்தியிலேயே எத்தனை வாரம் என் டூரிங் பைக்கைப் பற்றி அளந்திருக்கிறேன்! தாய்லாந்து எல்லைக்குப் போய் வந்தது, கேமரன் மலையில் மழையில் மாட்டிக்கொண்டது, பூட்ஸ் போடாமல் வண்டி ஏறுகிறவர்களுக்குச் செய்த உபதேசம் - எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்திருக்கிறீர்கள். இந்த வாரமும் பைக்தான். ஆனால் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக, தூரப் பயணம் போனால் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. ரவாங் தாண்டுவதற்குள் ஒரு கையை எடுத்து உதறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை வீட்டில் சொன்னது என் தப்பு.

"வயசாவுதுங்க. இனிமே கார்ல போலாம்," என்றாள் என் மனைவி கமலா.

வயதா? எனக்கா? தப்பு என் கையில் இல்லை, பைக்கின் ஹேண்டில் பாரில் இருக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். கம்பெனி மாட்டிக் கொடுக்கும் ஹேண்டில் பார் தாழ்வாக, எட்ட இருக்கும். குனிந்து பிடிக்க வேண்டும். இதற்கென்றே வெளியில் வேறு ஹேண்டில் பார்கள் விற்கிறார்கள் - உயரமாக, நம் பக்கம் வளைந்து வருகிற மாதிரி. மாட்டிவிட்டால் ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தது. கறுப்பு நிறம், பளபளப்பு... பெட்டியைத் திறந்து வைத்து அழகு பார்த்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பைக்கைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பாரா? நானே மாட்டுவது என்று முடிவு செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க்கில் ஸ்பானரை எடுத்தாலே செக்யூரிட்டி கார்டு ஓடி வந்துவிடுவார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கமலா காரில் வந்தாள்.

அங்கே கமலாவின் தம்பி குணா இருக்கிறான். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நல்ல போர்ச் உள்ள வீடு, வேண்டிய ஸ்பானர்கள், வாய் நிறைய "அத்தான்." ஹேண்டில் பார் மாட்ட இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

நான் போனபோது குணா தாடியும் மஞ்சள் வேட்டியுமாக இருந்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம். அவன் மகள் யாழினிக்குப் போன வருஷம் டெங்கி வந்தது நினைவிருக்கிறது. ஐசியுவில் கிடந்தாள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு வெளியே நின்றபோது குணா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "புள்ள வீட்டுக்கு வரட்டும் முருகா, காவடி எடுத்துக்கிட்டு வரேன்," என்றான். பிள்ளை வந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓய்வதில்லை. அந்த வேண்டுதலுக்குத்தான் இந்த விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை, காலில் செருப்பு இல்லை.

"விரதத்துல இருக்கற. நீ தொட வேணாம், நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

"வேலை செய்யக் கூடாதுன்னு யாரு சொன்னா அத்தான்? வாங்க, புடிக்கிறேன்," என்றான்.

டேங்கின் மேல் பழைய துண்டைப் போர்த்தினோம். கண்ணாடிகளைக் கழற்றினோம். பிரேக், கிளட்ச், சுவிட்ச் எல்லாவற்றையும் அவிழ்த்துத் தொங்கவிட்டு, பழைய ஹேண்டில் பாரை எடுத்தாயிற்று. புதியதில் ரப்பர் கைப்பிடி உள்ளே போகவே மாட்டேன் என்றது. ஹேர் ஸ்ப்ரே அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு காய்ந்து இறுகிக்கொள்ளும் - இது எனக்குத் தெரியும். குணாவின் மனைவி மலர் தன் ஹேர் ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பாதிய மிச்சம் வைங்க அண்ணே, பூசத்துக்கு எனக்கு வேணும்," என்று சிரித்தாள்.

நானும் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், ஏன் இறுக்க வேண்டும்... குணா "ஓ" போட்டுக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது, மாட்டும் முறை பற்றி. அதை விரித்து அதன் மேல் நட்டுகளை வைத்தேன். படிக்கவில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு குணா குனிந்து ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்தான். வலது கைப்பிடியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற, முறுக்கினால் வேகம் கூட்டுகிற த்ரோட்டில் கேபிள்.

"அத்தான், இது கொஞ்சம் டைட்டா இருக்கற மாதிரி இருக்கே?"

இருந்தது. ஹேண்டில் பார் உயரமாகிவிட்டது, கேபிள் பழைய நீளம்தான். கேபிளையும் நீளமானதாக மாற்ற வேண்டும் என்பது எனக்கு அந்த நிமிஷம் லேசாக உறைக்கத்தான் செய்தது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் எல்லாவற்றையும் கழற்றிப் பழையதை மாட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். காலையிலிருந்து பாடம் நடத்திய வாத்தியார் எந்த முகத்தோடு அதைச் செய்வார்?

"ஓட ஓட லூசாயிடும்," என்றேன்.

கேபிள் ஓட ஓட லூசாகும் என்று உலகத்தில் எந்த மெக்கானிக்காவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நானும் கேட்டதில்லை. குணா ஒரு விநாடி கேபிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி அத்தான்," என்று கையைத் துடைத்துக்கொண்டான். அந்த வீட்டில் மூத்த மாப்பிள்ளையை யாரும் இரண்டாவது தடவை கேள்வி கேட்பதில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. அதை வெளியில் சொல்லாமல், "நீதான் முதல் ரவுண்டு போவணும் குணா, உன் கைராசி," என்று பெருந்தன்மையாகச் சாவியை நீட்டினேன். வெறுங்காலோடு ஏறினான். பூட்ஸ் உபதேசம் செய்தேன் என்று மேலே சொன்னேனே, அந்த ஆசாமி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? எங்கள் பைக் குரூப்புக்கு அனுப்புவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "சிரிடா குணா" என்று வேறு சொன்னார்.

கேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் யாரோ வேனை நிறுத்தியிருந்தார்கள். குணா ஹேண்டில் பாரை இடது பக்கம் முழுசாக ஒடித்தான். எஞ்சின் அலறியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, நேராக வீட்டு ஓரத்து லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், முன் சக்கரத்தை விட்டுச் சாய்ந்தது. குணாவின் கால் லோங்காங்கின் சிமெண்ட் விளிம்புக்கும் பைக்குக்கும் நடுவில்.

அவன் கத்தவில்லை. "முருகா" என்று ஒரு தடவை சொன்னான். மலர் உள்ளேயிருந்து ஓடிவந்து போட்ட சத்தம்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பல வாரங்களுக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. தைப்பூசமோ அடுத்த வாரம். பத்துமலைப் படிகளை அவன் ஏறுவது இருக்கட்டும், பாத்ரூமுக்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

வார்டில் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றோம். "எப்படிடா?" என்று கேட்டாள் கமலா.

"பெரிய பைக்கு, பழக்கமில்ல. நான்தான் த்ரோட்டில முறுக்கிட்டேன் அக்கா," என்றான் குணா.

நான் வாயைத் திறந்தேன். சரியாகத்தான் திறந்தேன். வெளியே வந்தது என்ன தெரியுமா? "ஆமா... கொஞ்சம் பவர் ஜாஸ்திதான் அந்த வண்டி."

அன்று சாயந்தரம் அக்கம்பக்கத்தார் உதவியோடு பைக்கை லோங்காங்கிலிருந்து தூக்கி போர்ச்சில் நிறுத்தினேன். எல்லோரும் போன பிறகு ஸ்டார்ட் செய்தேன். ஹேண்டில் பார் நேராக இருக்கும்போது எஞ்சின் அமைதியாக ஓடியது. இடது பக்கம் முழுசாகத் திருப்பினேன். கேபிள் இழுபட்டது, கைப்பிடியை யாரும் தொடாமலே எஞ்சின் அலறியது. உடனே அணைத்தேன். யாராவது கேட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்புறம் போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தேன்.

இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது. நிஜமாகவே.

அத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் கோழைத்தனம். ஆனால் நம் ஊரில் ஒரு காவடிக்காரன் விரதத்தில் கால் ஒடிந்து கிடந்தால் அது அவ்வளவு சுலபமாக முடியுமா? குணா வீட்டுக்கு வந்த அன்று பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆன்டி, சோபாவில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"நல்லபடியா விரதம் இருக்கற புள்ளைக்கு இப்படி நடக்குதுன்னா, எங்கயோ குறை இருக்குலா. முருகன் சும்மா காட்ட மாட்டாரு."

அவனோடு காவடி எடுக்கும் நண்பர் ஒருவரும் தலையாட்டினார். "வீட்டுல சட்டி பானையெல்லாம் தனியாத்தானே பொழங்குனீங்க?" என்று மலரைப் பார்த்துக் கேட்டார்.

எல்லோரும் மலரைப் பார்த்தார்கள். மலர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விரதத்தில் குறை தேடுகிறவர்கள் ஏன் நேராகச் சமையலறைக்கே போகிறார்கள்? போர்ச்சுக்குப் போய் பைக்கை ஒரு பார்வை பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! தோன்றவில்லை என்பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு என்று தனித் தட்டில் வைத்த முறுக்கைக் கடித்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது, ஃபெடரல் ஹைவேயில், கமலா மெதுவாகச் சொன்னாள்.

"மலரு சாப்பிடறதே இல்லைங்க."

"விரதம்தானே?"

"அந்த ஒரு வேளையும் சாப்பிடறதில்ல. தண்ணி மட்டும் குடிக்கிறா. என்னைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதா. அவ ஆபீஸ்ல யாருக்கோ ஃபேர்வெல்லாம். கரிபாப் பலகாரம் கொடுத்திருக்காங்க. உருளைக்கிழங்குன்னு நெனச்சிக் கடிச்சிட்டா, உள்ள சார்டின் மீனு. அப்பவே துப்பி வாயைக் கழுவிட்டாளாம். யார்கிட்டயும் சொல்லல. அந்த ஒரு கடிக்குத்தான் முருகன் அவ புருஷன் காலை ஒடிச்சாருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"அது மட்டும் இல்ல. காவடி நின்னுபோச்சில்ல... வேண்டுதல் யாழினிக்காக. ராத்திரியெல்லாம் புள்ள நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறாளாம், காய்ச்சல் அடிக்குதான்னு."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் காரை ஓரங்கட்டியிருப்பான். நான் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். சொல்லாவிட்டால் என்ன? நாளாக நாளாக அவளே சாப்பிட ஆரம்பிப்பாள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். கமலா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குணா முறுக்கல கமலா," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேபிள், காகிதம், "ஓட ஓட லூசாயிடும்," வீடியோ. கமலா திட்டினால் எனக்குப் பழக்கம்தான். இந்த முறை திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த எக்ஸிட்ல திருப்புங்க," என்றாள்.

திருப்பினேன்.

போனபோது குணா ஹாலில் மெத்தையில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். பக்கத்தில் யாழினி அவன் கால் கட்டின் மேல் பூ வரைந்துகொண்டிருந்தாள். மலர் தேத்தண்ணி ஊற்ற எழுந்தாள்.

"வேணாம் மலர், உக்காரு," என்றேன். "குணா விழுந்தது என்னாலதான். அந்த ஹேண்டில் பாருக்குக் கேபிள் பத்தாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டச் சொன்னேன். உன் விரதத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அப்பாடா, சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். மலர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கண் கலங்கியிருந்தது.

"அண்ணி சொல்லிட்டாங்களா உங்ககிட்ட? என்னைத் தேத்தறதுக்காக நீங்க பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. உங்க மனசு யாருக்கு வரும் அண்ணே?"

"இல்ல மலர், நெசமாத்தான்..."

"அத்தான் அப்படித்தான்லா," என்றான் குணா படுத்தபடியே. "பெரிய மனசு."

"அவரு பொய் சொல்லல மலரு," என்றாள் கமலா. மலர் கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் சேர்ந்துக்கிட்டீங்களா அண்ணி," என்று அழ ஆரம்பித்தாள்.

என் நிலைமையைப் பாருங்கள். பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் பெரிய மனுஷன் என்கிறார்கள்! இத்தனை வருஷமாக அந்த வீட்டில் வாங்கிச் சேர்த்த மரியாதை குறுக்கே வந்து நின்றது. அதை வைத்துக்கொண்டு என்னால் ஒரு குற்றத்தைக்கூட ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"மலர், வெளிய வா," என்றேன். "ஒரே நிமிஷம்."

போர்ச்சில் பைக் அப்படியே நின்றது, ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து, சேறு காய்ந்து. நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் செய்தேன். வலது கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் அவளிடம் காட்டினேன்.

"நான் முறுக்கல. பார்த்துக்க."

ஹேண்டில் பாரின் நடுவில் இரண்டு விரலை வைத்து இடது பக்கம் தள்ளினேன். எஞ்சின் அலறியது. மலர் துள்ளிப் பின்னால் போனாள். நேராக்கினேன், அடங்கியது. மறுபடி தள்ளினேன், மறுபடி அலறியது.

"அத்தான்! விடுங்க! போதும்!" உள்ளேயிருந்து குணாவின் குரல். "அவ கிட்ட ஏன் அதையெல்லாம் காட்டறீங்க?"

நான் எஞ்சினை அணைத்தேன். மலர் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, ஹாலுக்குள் போய், குணாவின் மெத்தை அருகில் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

குணா யாழினி வரைந்த பூவைப் பார்த்தான்.

"நீங்க முறுக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்லா," என்றான். "கையைத்தான் நான் அசைக்கவே இல்லையே. ஆனா... அத்தானைப் போயி அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? ஆன்டியெல்லாம் பேசிட்டுப் போறாங்கன்னு விட்டுட்டேன். நீ இவ்வளவு தூரம் மனசுல எடுத்துக்குவன்னு நெனைக்கல."

அந்த நேரம் வரை மலர் கோபத்தில் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

"அவரு மரியாதைய நீங்க காப்பாத்துனீங்க. நீங்க குடுத்த மரியாதைக்குள்ள அவரு ஒளிஞ்சிக்கிட்டாரு. ரெண்டு ஆம்பளைங்க மரியாதைக்கு நான் பட்டினி கெடந்தேனா? புள்ள செத்துப் போயிருவாளோன்னு நான் பயந்து பயந்து கெடந்தேனே... யாருக்காவது வாயி இருந்துச்சா?"

யாருக்கும் இல்லை. எழுதிப் பிழைக்கிற எனக்கும் இல்லை. யாழினி பேனாவைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

மலர் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். மூடி வைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டு, ஆறிப்போன சாம்பாரை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிடக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கமலா பக்கத்தில் போய் நின்று, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள். நானும் குணாவும் ஹாலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்த மலர், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பால்குடம் நான் எடுக்கறேன்," என்றாள் குணாவிடம்.

"நீயா? அந்தக் கரிபாப்..." என்று குணா இழுத்தான். அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. மலர் கமலாவிடம் அழுததை ஹாலில் படுத்தபடியே கேட்டிருப்பான்.

"துப்பிட்டேன்ல? முருகன் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாரு. நானும்தான் இத்தனை நாளா ஒரு வேளை சாப்பிட்டேன். நானும்தான் பாயில படுத்தேன். எம்புள்ளதானே அவ? உங்க காவடிய நீங்க அடுத்த வருஷம் எடுங்க."

அவளும் விரதம் இருந்தாள் என்று என் வாய் சொல்லியிருக்கிறதே தவிர, அது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே குணாவின் விரதத்தைப் பற்றி எழுதினேனே, அதில் மலரின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருக்காது. அன்றைக்கு நான் பார்த்தது அவ்வளவுதான்.

தைப்பூசத்தன்று மலர் தலையில் பால்குடத்தோடு பத்துமலைப் படி ஏறினாள், கமலாவும் யாழினியும் இரண்டு பக்கமும். குணாவை வீல்சேரில் வைத்து நான் கீழே நிறுத்திக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் வராமல் இருப்பார்களா? "என்ன குணா, காவடி இல்லையா? கால்ல என்னா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். குணா பழக்கத்தில், "ஒன்னுமில்லலா அண்ணே, பைக்கு கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பான். நான் உள்ளே புகுந்து சொல்வேன். "நான் ஹேண்டில் பாரைத் தப்பா மாட்டி இவனை ஓட்டச் சொன்னேன்." சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. முதல் ஆளிடம் சொன்னபோது முகம் எப்படிச் சுட்டதோ, அப்படியேதான் கடைசி ஆளிடமும் சுட்டது.

பக்கத்து வீட்டு ஆன்டியும் வந்திருந்தார். அவரிடமும் சொன்னேன். "அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, "அதானே பார்த்தேன், மலரு எவ்வளவு சுத்தமா இருக்கற பொண்ணு," என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எந்த முகத்தோடு கோபப்படுவது?

புது ஹேண்டில் பாரைக் கழற்றிவிட்டேன் - இந்த முறை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து. பழையது திரும்ப வந்துவிட்டது. மணிக்கட்டு வலிக்கிறது. வலிக்கட்டும். குணா மறுபடி நடக்கப் பல மாதம் ஆகும், கிள்ளானுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி போகிறேன். பிசியோவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்புவது என் வேலை. மலர் என்னிடம் பேசுகிறாள். முன்பு மாதிரி இல்லை. என்ன கேட்டால் என்ன பதிலோ, அவ்வளவு மட்டும்.

இதையெல்லாம் ஏன் பத்தியில் எழுத வேண்டும்? எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் இன்னும் "பெரிய பைக்க முறுக்கிட்டான்" என்று குணாவைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்கள். "யாரோட விரதத்துல குறையோ" என்று ஒரு சித்தப்பா போன வாரம்கூட எழுதியிருந்தார். அந்தச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்கள். அதனால்தான்.

எழுதுவதற்கு முன் மலரைப் போனில் கூப்பிட்டேன். கரிபாப் விஷயத்தை எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுதுங்க அண்ணே," என்றாள். "ஆனா என் கரிபாப்புக்கு முன்னாடி உங்க கேபிள் வரணும்."

வரிசை மாறாமல்தான் எழுதியிருக்கிறேன், மலர்.